தசையின் வெப்பமும் உயிரின் வேலையும்

உடலை அசைப்பது உயிர் என்றால், அதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது? தனி உயிராற்றல் ஒன்று உண்டென்று 19-ஆம் நூற்றாண்டில் பலர் நம்பினார்கள். ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளைத் தசை சுருங்கும்போது எழும் வெப்பத்தை அளந்து அந்த நம்பிக்கையை அசைத்தார். பின்னர் உடலியங்கியலாளர் ஏ.வி. ஹில், சுருக்கம் முடிந்த பிறகும் ஆக்சிஜன் இருந்தால் நிமிடக்கணக்கில் வெப்பம் வெளிவருவதைக் கண்டார். உயிர்வேதியியலாளர் ஓட்டோ மையர்ஹோஃப் அந்த நேரத்தில், தசை சுருங்கும்போது உண்டான லாக்டிக் அமிலத்துக்கு என்ன நேர்கிறது என்று ஆராய்ந்தார். 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது. ஆற்றலின் வரவும் செலவும் வேதியியலுக்குள்ளேயே அடங்கத் தொடங்கின. உயிர் தன் பங்காக எதையும் போட்டதாகத் தெரியவில்லை.

அளந்தது உயிருள்ள தசையைத்தானே, உயிர் உள்ளே ஒளிந்திருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1940-களில் உயிர்வேதியியலாளர் செண்ட்-ஜ்யோர்ஜி, கிளிசரினில் ஊறி உயிரிழந்த முயல் தசையில் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைச் சேர்த்ததும் அது சுருங்கியது. பிணம் விறைப்பதும் ஏ.டி.பி. தீர்வதால்தான், தசை தளர்வதற்கும் அது வேண்டும் (உயிர் போனால் உடல் துவளும் என்றல்லவா நினைப்போம்!).

அப்படியானால் ஆன்மா பொய்யா? பொய்த்தது எரிபொருளான ஆன்மா மட்டுமே. சாங்கியத் தத்துவம் ஆன்மாவாகச் சொல்லும் புருஷன் செயலற்ற சாட்சி. வெப்பமானி அவனைத் தொடவில்லை. ஆனால் எதையும் செய்யாதவனிடம், கையை உயர்த்தியது நீதானா என்று எப்படிக் கேட்பது?