அநித்தியமும் சிரத்தையும்

நிலையற்ற ஒன்றை மெருகேற்றுவதில் அர்த்தம் உண்டா என்னும் வினா வேதாந்திகளுக்கும் பௌத்தர்களுக்கும் மட்டுமே உரியதன்று. பல்வைத்தியரின் கையிலும் அது அன்றாடம் வந்து நிற்கிறது. சிதைந்த பல்லைச் செதுக்கியபின், நிலையான கேப் தயாராகி வரும் வரையில், இரண்டு மூன்று வாரங்களுக்கென்று அக்ரிலிக்கினாலோ பிஸ்-அக்ரில் என்னும் பிசினினாலோ ஒரு தற்காலிக உறையை அவர் பொருத்துகிறார். கழற்றி எறியப்போவதுதானே என்று அதைக் கரடுமுரடாகவே விட்டுவிடலாமா?

இவ்வினாவை எழுப்பத் தகுந்த ஊர் கோலார் தங்கவயலைச் சேர்ந்த சாம்பியன் ரீப்ஸ். 1898 இல் அயோத்திதாச பண்டிதர் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கம் கோலார் தங்கவயலின் தமிழ்த் தொழிலாளரிடையே வேரூன்றிற்று. 1914 இல் பண்டிதர் மறைந்தபின், நின்றுபோன அவருடைய ‘தமிழன்’ பத்திரிகையை 1926 இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். சாம்பியன் ரீப்ஸின் சித்தார்த்த புத்தகசாலை பௌத்த நூல்களை வெளியிட்டது. பூமிக்கடியில் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கத்தில் உயிரைப் பணயம் வைத்து உழைத்து, கம்பெனிக்குச் சொந்தமான லைன் வீடுகளில் குடியிருந்த அம்மக்களுக்கு அநித்தியம் எனப்படும் நிலையாமை ஏட்டுத் தத்துவமாக இருந்திருக்க முடியாது. ஆயினும், எல்லாம் அழியக்கூடியவையே, ஆகவே எதையும் செம்மையாகச் செய்ய வேண்டுவதில்லை என்ற முடிவுக்கு அவர்கள் வரவில்லை; சங்கம் கண்டார்கள், பத்திரிகை நடத்தினார்கள், நூல்களை அச்சேற்றினார்கள்.

பல்லின் விஷயம் அவர்கள் பக்கமே சாட்சி சொல்கிறது. மெருகேறாத பிசினின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத குழிகளும் கீறல்களும் உள்ளன. தேநீர், காபி, மஞ்சள், வெற்றிலைச் சாறு ஆகியவற்றின் சாயம் அங்கே தங்கிக் கறையாகிறது. கிருமிகளும் அங்கேயே குடியேறுகின்றன. பிஸ்-அக்ரிலிலோ, காற்றிலுள்ள பிராணவாயு பட்டதனால் முழுதும் இறுகாத பிசுபிசுப்பான படலம் ஒன்று மேலே நிற்கிறது; அதை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுத்து, பிறகு படிப்படியாக நுண்மையான பொடிகளாலும் மெருகுப் பசையாலும் தேய்க்க வேண்டும். மேற்பரப்பின் கரடு 0.2 மைக்ரோமீட்டருக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் 5,000 இல் ஒரு பங்குக்கு, மேற்படுமாயின் கிருமிகள் படிவது பெருகும் என்பது பல்வைத்திய நூலோர் பொதுவாகக் கொள்ளும் எல்லை.

இதைக் காட்டிலும் சிந்திக்கத்தக்கது அதன் பின்விளைவு. கரடான உறையை ஒட்டியுள்ள ஈறு வீங்கிக் குருதி கசியுமானால், நிலையான கேப்பைப் பொருத்தும் நாளில் அதன் விளிம்பு செம்மையாக அமைவது கடினமாகும். மூன்று வாரத்து அலட்சியம் பல்லாண்டு இருக்கவேண்டியதைக் கெடுத்துவிடுகிறது. பொருள் அழிகிறது, அதன்மீது செய்த கர்மத்தின் பலன் அழிவதில்லை.

எனினும் மெருகுக்கும் வரம்பு உண்டு. பிசின் நீரை உறிஞ்சும் இயல்புடையது; நீரோடு சாயமும் சிறிது உட்புகுவதை எத்தனை தேய்த்தாலும் அடியோடு தடுத்துவிட முடியாது. அளவு மீறித் தேய்த்தாலோ உராய்வின் வெப்பத்தால் அக்ரிலிக் இளகும். விளிம்பு தேய்ந்து, பக்கத்துப் பல்லோடு இருந்த தொடர்பும் அற்றுப்போகும். அலட்சியம் ஒரு கோடி, அபிமானம் மறு கோடி. ததாகதராகிய புத்தர் காட்டிய மத்திம மார்க்கம் இவ்விரண்டையும் விலக்கிச் செல்வது.

2001 இல் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அங்கே அச்சான நூல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. ஆகவே பல்வைத்தியம் பயிலும் இளைஞர்களுக்கு நான் வேண்டிக்கொள்வது இதுவே: தற்காலிகமானது என்று சொல்லி எந்த நோயாளியையும் மெருகேற்றாத உறையோடு அனுப்பாதீர்கள், பொருளின் ஆயுள் குறைவு என்பது நம் சிரத்தையைக் குறைத்துக்கொள்வதற்கு ஒருநாளும் நியாயமாகாது.