கருவித் தேர்வும் அறமும்: லினக்ஸில் வலைப்பக்கத் தொகுப்பான்

லினக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அதில் வலைப்பக்கம் அமைக்கப் பயன்படும் தொகுப்பானுக்கும் இதே தன்மை இருக்க வேண்டுமா, அல்லது வேலை நன்றாக முடிந்தால் போதுமா? இது மென்பொருள் அறவியலின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று. இதற்கு இரு விடைகள் உண்டு.

முதல் விடை கடமையை முன்வைக்கிறது. 1983இல் க்னூ என்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மனின் கொள்கைப்படி, பயனருக்கு நான்கு உரிமைகள் வேண்டும்: எந்த நோக்கத்துக்கும் இயக்குவது, ஆராய்ந்து மாற்றுவது, நகலெடுத்துக் கொடுப்பது, மாற்றிய வடிவத்தைப் பகிர்வது. இவற்றைத் தருவது கட்டற்ற மென்பொருள்; இவற்றை மறுக்கும் மென்பொருள் எவ்வளவு திறமையானதானாலும் அநீதியானதே. எனவே ட்ரீம்வீவர் என்ற மூடிய வலைத் தொகுப்பானை, விண்டோஸ் மென்பொருளை இயக்கித் தரும் வைன் வழியாக லினக்ஸில் ஓட்டுவது இக்கொள்கைக்கு ஏற்றதல்ல.

இரண்டாம் விடை விளைவைப் பார்க்கிறது. 1998இல் எரிக் ரேமண்டும் புரூஸ் பெரன்ஸும் தொடங்கிய திறந்த மூல இயக்கம், மூலநிரலைத் திறந்து வைத்தால் மென்பொருள் தரமாக வளரும் என்று வாதிட்டது. இதன்படி திறந்த தன்மை ஒரு சிறந்த வழிமுறை; மூடிய கருவியை அறத்தின் பெயரால் விலக்க வேண்டியதில்லை.

விளைவை மட்டும் பார்ப்பவரும் எதிர்காலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை லினக்ஸின் வரலாறே காட்டியது. 2002இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அதன் கருநிரல் வளர்ச்சிக்கு, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் பிட்கீப்பர் என்ற தனியுரிமைக் கருவியை ஏற்றார். அப்போது கிடைத்தவற்றுள் அதுவே சிறந்தது என்பது அவர் காரணம். 2005இல் அதன் இலவசப் பயன்பாடு விலக்கிக்கொள்ளப்பட்டது. டோர்வால்ட்ஸ் கிட் என்ற புதிய கருவியை எழுத நேர்ந்தது. பிறர் விருப்பத்தைச் சார்ந்த வசதி நிலையான வசதி ஆகாது.

நிரல் எழுதத் தெரியாதவருக்கு மூலநிரல் உரிமையால் என்ன பயன் என்பது வழக்கமான மறுப்பு. என்வியூ தொகுப்பான் இதற்கு விடை தருகிறது. மொசில்லா கம்போசர் என்ற தொகுப்பானின் நிரலிலிருந்து டேனியல் கிளாஸ்மன் உருவாக்கிய அது, லின்ஸ்பயர் நிறுவனத்தின் ஆதரவில் 2005இல் முதல் முழுப் பதிப்பை எட்டியது. பின்னர் வளர்ச்சி நின்றபோது, உரிமம் இடம் கொடுத்ததால் வேறு சிலர் அதே நிரலைக் கொம்போசர் என்ற பெயரில் தொடர்ந்தனர். நிரலின் ஒரு வரிகூடப் படிக்காத பயனரும் அதனால் பயன்பெற்றார். மாற்றும் உரிமை தனிமனிதருக்கு மட்டுமன்றிச் சமூகத்துக்கும் உரியது.

ஆனால் கொம்போசரும் காலப்போக்கில் நின்றது. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனமும் வளர்த்த அமாயா தொகுப்பானும் 2012க்குப் பின் புதிய பதிப்பு காணவில்லை. ஊருக்குப் பொதுவான ஏரியும் குடிமராமத்து இல்லையேல் தூர்ந்துபோகும். தொடர்வதற்கு உரிமம் தடை செய்யாது. தொடரும் உழைப்பை அது தருவதுமில்லை. ஆகவே பிழைகளைத் தெரிவிப்பது, மொழிபெயர்ப்பது, நன்கொடை அளிப்பது ஆகியவை பயனரின் பொறுப்பில் சேர்கின்றன.

வலைப்பக்கத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1993இல் செர்ன் ஆய்வகம் வலையின் தொழில்நுட்பத்தை எல்லோருக்கும் பொதுவாக்கியது. வலைப்பக்கத்தின் குறிமொழியான எச்.டி.எம்.எல். திறந்த தரம்; ஒரு தொகுப்பானில் எழுதிய பக்கம் இன்னொன்றில் திறக்கும். இதனால் மூடிய கருவியின் பிடி இங்கே சற்றுத் தளர்வானது. அதே காரணத்தால், தேவையற்ற குறிகளைத் திணிக்காமல் பக்கத்தைத் தூய்மையாக விட்டுவைப்பது கருவியின் முதல் தகுதியாகிறது.

அறிவும் இங்கே ஒரு மதிப்பு. புளூபிஷ், ஈமாக்ஸ், விம் போன்ற உரைத் தொகுப்பான்களில் எழுதுபவர் தம் பக்கத்தின் ஒவ்வொரு குறியையும் அறிகிறார். காட்சிவழித் தொகுப்பான் குறிகளை மறைக்கிறது. ஆனால் குறிமொழி அறியாதவருக்கும் எழுத இடம் தருகிறது. முன்னது ஆழத்தையும் பின்னது சமவாய்ப்பையும் வளர்ப்பதால், ஒன்றை உயர்ந்தது என்று பொதுவாகத் தீர்ப்பளிக்க முடியாது.

பெயரைப் பார்த்தும் முடிவெடுக்கலாகாது. விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற தொகுப்பானின் மூலநிரல் கட்டற்ற எம்.ஐ.டி. உரிமத்தில் உள்ளது, மைக்ரோசாஃப்ட் வழங்கும் நிறுவல் கோப்போ கட்டற்றதல்லாத வேறு உரிமத்துக்கு உட்பட்டது. அதே மூலநிரலிலிருந்து விஎஸ்கோடியம் திட்டம் எம்.ஐ.டி. உரிமத்திலேயே நிறுவல் கோப்புகளை ஆக்கித் தருகிறது.

இவற்றால் தேர்வுக்கு ஒரு வரிசை கிடைக்கிறது: பக்கம் எழுதியவர் கையிலேயே இருக்க வேண்டும், கருவி கட்டற்றதாக இருக்க வேண்டும், அதைப் பேணுவோர் இருக்க வேண்டும். வசதி அதன் பிறகே. கட்டற்ற கருவி போதாத இடத்தில் மூடியதை ஏற்பவர், அதைத் தற்காலிக ஏற்பாடாகக் கொண்டு, விலகும் வழியைத் திறந்து வைத்திருப்பதே அறத்துக்கு உகந்தது.