கேட்கலாமா, கூடாதா?

எலியை வைத்துப் பரிசோதனை செய்தால் எலியின் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள். மனோதத்துவ நிபுணர்களுக்குத் தர்மசங்கடம் ஆரம்பிப்பது மனிதர்களிடம்தான். அதிலும் ஒரு ஜாதியையோ ஊரையோ எடுத்துக்கொண்டு 'இவர்களுக்கு மூளை எப்படி, குணம் எப்படி?' என்று கேட்டால், பதில் பரிசோதனைக்கு வந்த நூறு பேரோடு நிற்காது. அந்தக் கூட்டத்தில் இனிமேல் பிறக்கப்போகும் குழந்தையின் நெற்றியிலும் ஒட்டிக்கொள்ளும்.

ஓர் உதாரணம். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் உத்தரப் பிரதேச கிராமங்களில் பள்ளிக்கூடப் பையன்களிடம் 'வழி கண்டுபிடி' புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2004-ல் உலக வங்கி இதை வெளியிட்டது. ஜாதியைப் பற்றி வாயே திறக்காதபோது மேல்ஜாதிப் பையன்களும் தலித் பையன்களும் ஏறக்குறைய சமமாகவே போட்டார்கள். இன்னொரு குழுவில், ஒவ்வொருவனுடைய பெயரையும் ஜாதியையும் எல்லோர் முன்னாலும் வாசித்துவிட்டு அதே புதிரைக் கொடுத்தார்கள். தலித் பையன்களின் மதிப்பெண் சடாரென்று இறங்கியது!

'அவங்களுக்கெல்லாம் படிப்பு வராதுங்க' என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. குறை மூளையில் இல்லை, முத்திரையில் இருக்கிறது. சரி... ஆனால், நாலு பேர் முன்னால் ஜாதி வாசிக்கப்பட்ட அந்தப் பையன்? நமக்கு ஓர் உண்மை தெரிவதற்காக அவன் கொஞ்ச நேரம் கூசித்தான் ஆக வேண்டுமா?

இதற்கு யோசிக்காமல் ஆமாம், இல்லை என்று சொல்லிவிட முடியாது. மதுரைப் பக்கம் நடந்த கதையைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'பிறவிக் குற்றவாளி' என்பது விஞ்ஞானமாக மதிக்கப்பட்டது. இத்தாலியில் லம்ப்ரோசோ மண்டை ஓட்டையும் தாடையையும் பார்த்து, இவன் திருடப் பிறந்தவன் என்றார். சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் ஜாதி ஜாதியாக மூக்கையும் தலையையும் அளந்து, 1909-ல் ஏழு பெரிய தொகுதிகள் போட்டார். வெள்ளைக்கார சர்க்காரோ ஒரு படி மேலே போய், தச்சன் மகன் தச்சன் என்றால் திருடன் மகன் திருடன்தானே என்று 1871-லேயே வடக்கே குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914-ல் சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடிக்கும், சில வருஷங்களில் பிரமலைக் கள்ளர்கள் அத்தனை பேருக்கும் பாய்ந்தது.

ஜனங்கள் வைத்த பெயர், 'ரேகைச் சட்டம்'. ஒரு தப்பும் செய்யாதவனும் பத்து விரலையும் மையில் ஒற்ற வேண்டும். ராத்திரி வீட்டில் படுக்க உரிமை கிடையாது. 1920 ஏப்ரல் 3-ம் தேதி உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்துப்போனார்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் ரத்தானது 1947-ல்தான்.

எங்கே தப்பு? பதிலில் இல்லை, கேள்வியிலேயே இருந்தது. 'இவன் பிறவித் திருடனா?' என்று கேட்டவர்கள், 'நேற்றுவரை இவன் என்ன செய்தான்?' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஊர்க் காவல் பரம்பரை உரிமையாக இருந்ததும், வெள்ளைக்காரன் போலீஸ் வந்து அது பறிபோனதும், மிச்சம் இருந்தது வானம் பார்த்த பூமி என்பதும் தெரிந்திருக்கும். பிற்பாடு பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன் இதே மக்களோடு வந்து தங்கினார். யாருக்கு யார் மாமன், எந்தச் சாமிக்கு எந்தப் பங்காளி என்று கேட்டார். 1957-ல் வந்த அவர் புத்தகத்தில் குலமும் கோயிலும் கொடுக்கல் வாங்கலும் உள்ள ஒரு சமூகம் இருக்கிறது. மக்கள் அதே மக்கள்தான். மாறியது கேள்வி.

அப்படியென்றால் இதையெல்லாம் ஆராயவே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிடலாமா?

அதுவும் முடியாது. ஏனென்றால் அதே உசிலம்பட்டி. 1986-ல் 'இந்தியா டுடே' பத்திரிகை அங்கே பெண் சிசுக்கள் கள்ளிப்பாலுக்குப் பலியாவதை அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டது. நாடே அதிர்ந்தது. 1992-ல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது. 'ஒரு ஜனத்தின் மானம் போகும், சும்மா இருப்போம்' என்று எல்லோரும் மௌனம் சாதித்திருந்தால், அந்தச் சிசுக்களுக்காகப் பேச யார் இருந்தார்கள்?

ஆனாலும் மானம் போனதும் நிஜம். சேலத்திலும் தர்மபுரியிலும் இதே கொடுமை நடந்தது. கெட்ட பெயர் உசிலம்பட்டிக்கு. நகரத்தில் ஏ.சி. அறையில் ஸ்கேன் பார்த்து, பெண் என்றால் கலைத்துவிட்டு வந்த படித்தவர்களை எந்த ஜாதி, எந்தத் தெரு என்று யாரும் விசாரிக்கவில்லை. ஏழையின் குற்றத்துக்குப் பரம்பரை உண்டு, வசதியானவன் குற்றத்துக்கு அது கிடையாது!

ஜோன் சீபர், பார்பரா ஸ்டான்லி என்ற இரண்டு அமெரிக்க மனோதத்துவப் பெண்மணிகள் 1988-ல் இதைப் பற்றி எழுதினார்கள். இதுமாதிரி ஆராய்ச்சிகளில் ஆபத்து கடைசியில் மட்டும் வருவதில்லை, கேள்வியை எழுதும்போதே வந்துவிடுகிறது என்றார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். வம்பு என்று ஒதுங்கிப்போவதும் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுதான்.

ஆக, கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கிறவர் அந்தக் கேள்வியை முதலில் அந்த ஊர் மந்தையில், அந்த ஜனங்கள் நடுவில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டட்டும். 'ஏன்யா, இதை எங்ககிட்ட மட்டும் கேக்குற?' என்று ஒரு பெரியவர் எழுந்து நிற்பார். அவருக்குச் சொல்ல நேர்மையான பதில் இருந்தால் மேலே போகலாம். இல்லையென்றால் நோட்டை மூடிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பது நல்லது.