ஓட்டு யாருக்குப் பட்ட கடன்?

சுங்கை சிப்புட் என்றால் வரலாற்றுப் பாடத்தில் 1948 ஜூன் 16. அங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுடப்பட்டு இறந்தார்கள். அதையடுத்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அதே ஊரில்தான் 2008 மார்ச் 8ஆம் தேதி, 1974 முதல் தொகுதியை வைத்திருந்த சாமிவேலுவை டாக்டர் ஜெயக்குமார் ஓட்டுப்பெட்டியால் தோற்கடித்தார். அதற்கு முன் இரண்டு தேர்தலில் அவரிடமே தோற்றவர் டாக்டர்.

எங்கள் வீட்டில் அன்று ஓட்டு இரண்டாகப் பிரிந்தது. தாத்தா பால்மரம் வெட்டியவர். "கோயிலுக்குக் கட்சி காசு கொடுத்துச்சு, உப்பிட்டவங்கள மறக்கலாமாடா?" என்பார். அப்பாவுக்கு ஈப்போவில் தொழிற்சாலை வேலை. 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணிச் செய்திகள் எஸ்எம்எஸ்ஸில் வந்து குவிந்தன. அவர் மாற்றிப் போட்டார்.

தாத்தாவின் தலைமுறையை ஏமாளிகள் என்று கேலி செய்யும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வீடு, தண்ணீர், கோயில் எல்லாமே யாரோ கொடுத்தால்தான் உண்டு என்றிருந்த லயத்தில், கொடுத்தவரை நினைப்பது தர்மம்தான். ஆனால் அந்தக் காசு அரசாங்கக் காசு, நம் வரியும் அதில் உண்டு. இன்னொன்று: எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் சிவப்பு ஐசி. இங்கேயே பிறந்தவர், ஓட்டு இல்லை. என் ஓட்டு அவருக்கும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறது. அவர் பங்கையும் எடுத்து என் நன்றிக்கடனை அடைக்க முடியுமா?

2019 ஜூலை 16இல் மக்களவையில் 211 பேரும் ஆதரித்து ஓட்டு வயது 18 ஆனது. அமலாக்கம் தள்ளிப்போனபோது சரவாக்கில் ஐந்து இளைஞர்கள் கூச்சிங் உயர் நீதிமன்றம் போனார்கள், ஜெயித்தார்கள். 2021 டிசம்பர் 15 முதல் பதிவும் தானியங்கி. 2018இல் ஒன்றரைக் கோடியைத் தொடாத வாக்காளர் எண்ணிக்கை 2022இல் இரண்டு கோடியே பத்து லட்சத்தைத் தாண்டியது. அந்தப் புதியவர்களில் நானும் ஒருவன்.

இப்போது நமக்குக் கட்டளை போட கிராணி இல்லை, வாட்ஸ்ஆப் இருக்கிறது! 2022 தேர்தல் முடிந்ததும் 1969 மே 13ஐ நினைவூட்டி மிரட்டும் காணொளிகள் டிக்டாக்கில் பரவின. தாத்தா காலத்தில் ஒரு புரளி அடுத்த தோட்டத்துக்குப் போக ஒரு நாளாவது ஆகும். எங்கள் குழுவில் ஓர் அண்ணன் அப்படி ஒன்றை அனுப்பினார். "அண்ணே, இது எங்க எடுத்தது, எப்ப எடுத்தது?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். பதில் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவரே அழித்துவிட்டார்.