வரப்போரத்துக் கீழாநெல்லி

பிசானத்துக்குப் பாளையங்கால்வாயில் தண்ணீர் வந்து, நாலு மழையும் பெய்துவிட்டால் வரப்பெல்லாம் கீழாநெல்லி முளைத்துவிடும். ஒரு சாண் செடி. இலைகளுக்கு அடியில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும். மஞ்சக்காமாலை என்றால் தாமிரபரணிக் கரை வீடுகளில் முதலில் தேடுவது இதைத்தான். வேரோடு பிடுங்கி, அலசி, அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பும் எண்ணெயும் கூடாது. பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

அப்படித் தேறுவதில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. அவர்களைத் தேற்றியது செடியா, பத்தியமா, படுத்து எடுத்த ஓய்வா, உடம்பேதானா?

*

காமாலையைக் கொண்டுவரும் வைரஸ்கள் பல. அழுக்குத் தண்ணீரில் பரவும் ஏ, ஈ வகைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமே விலகிவிடும். பி வகை அப்படியல்ல. அது ரத்தத்தின் வழியும் உடலுறவின் வழியும் பரவும்; பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும். பிறக்கும்போதே தொற்றினால் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேரிடம் தங்கிவிடும். கண் மஞ்சளாகாது, வலி இருக்காது. பல ஆண்டுகள் கழித்து ஈரல் சுருங்கும், அல்லது புற்று வைக்கும். இத்தனைக்கும் அதன் மரபுச் செய்தி சுமார் 3,200 எழுத்துகள்தான். ஈரல் செல்லின் கருவுக்குள் அதை ஒரு வளையமாக்கிப் பதுக்கி வைத்துவிடுகிறது.

இந்த வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றவர் பரூக் புளும்பெர்க். சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ்.பி. தியாகராஜன் அவரோடு சேர்ந்து நம் வரப்புச் செடியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். நோயாளி தேறுகிறாரா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து போகிறதா என்று பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று கேப்ஸ்யூல், முப்பது நாள். 1988இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. செடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்தப் புரதம் மறைந்திருந்தது. வெற்று கேப்ஸ்யூல் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான்.

அந்த எண்களை இப்போது படித்தாலும் உள்ளுக்குள் ஒரு சிலிர்ப்பு ஓடுகிறது.

*

பிறகு தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் திரும்பி வரவில்லை. செடியின் இனம், விளைந்த மண், பறித்த பருவம் வேறாக இருந்திருக்கலாம் என்று காரணம் சொன்னார்கள். கீழாநெல்லியின் உறவுச் செடிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பவை. ஆகவே அந்தக் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் முதல் ஆய்வு சிறியது. அதை எழுதியவர்களே பூர்வாங்க ஆய்வு என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

இதைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் பாட்டிமார் நம்பிய செடியை உலகத்தின் எந்த மருந்துக்கும் வைக்கும் அதே சோதனைக்கு அவர்கள் நிறுத்தினார்கள். அதைவிடப் பெரிய மரியாதையை ஒரு செடிக்குச் செய்துவிட முடியாது. 2012இல் நெல்லையை டெங்கு உலுக்கியபோது நிலவேம்புக் குடிநீருக்கு வரிசையில் நின்றோம். டெங்குவும் பெரும்பாலோருக்குத் தானே இறங்கிவிடும் காய்ச்சல்தான். அங்கேயும் இதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, செடியை அடையாளம் காணும் கண்கள் இருக்கின்றன. வைரஸை அளக்கும் ஆய்வுக்கூடத்தோடு அந்தக் கண்கள் சேர வேண்டும்.

*

இன்று பி வகைக்கு டெனோஃபோவிர் மாத்திரை இருக்கிறது. வைரஸ் தன்னைப் படியெடுப்பதை அது தடுக்கும். ஆனால் செல் கருவுக்குள் பதுங்கிய வளையத்தை எட்டாது. அதனால் பலர் ஆண்டுக்கணக்கில் அதைச் சாப்பிட வேண்டியிருக்கிறது. அந்த வளையத்தை அழிக்கும் மருந்தை உலகம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

தடுப்பூசி கையில் இருக்கிறது. பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. அரசு மருத்துவமனையில் இலவசம். கர்ப்பிணிகள் ரத்தப் பரிசோதனையில் பி வகையையும் கேட்டுப் பாருங்கள். காமாலை வந்தவருக்குக் கீழாநெல்லி கொடுத்தாலும், எந்த வகைக் காமாலை என்று ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள்.