நடக்காத ஆட்டம்

'அப்படி நடந்திருந்தால்' என்ற வாக்கியத்துக்கு அறம் சார்ந்த எடை ஏதும் உண்டா என்பதே என் கேள்வி. நடந்திராத சரித்திரத்தை எழுதிப் பார்ப்பது இன்று ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. பிறந்திராத ஓர் ஆட்டக்காரனுக்குச் சொந்த ஊர், சேர்ந்த அணி, எடுத்த புள்ளிகள், ஓய்வுபெற்ற வருஷம் என்று முழு ஆயுளையும் எழுதிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதைப் பொழுதுபோக்கென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. கற்பனை யாருக்குத் தாராளமாகவும் யாருக்குக் கஞ்சத்தனமாகவும் செயல்படுகிறது என்பதில் நம் மதிப்பீடுகள் வெளிப்பட்டுவிடுகின்றன.

நிஜமாக வாழ்ந்த ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். எம். ஜே. கோபாலன், சென்னையின் வேகப் பந்துவீச்சாளர். 1934 நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில், மைசூருக்கு எதிராக, ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர். அந்த வருஷம் ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடியிருந்தார். 1935இல் தியான் சந்த் இருந்த ஹாக்கி அணியோடு நியூசிலாந்து போய்வந்தார். 1936இல் இரண்டு வழிகள் ஒரே சமயத்தில் எதிரே நின்றன: இங்கிலாந்துக்குக் கிரிக்கெட், பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஹாக்கி. அவர் இங்கிலாந்துக்குப் போனார். மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட அவரை இறக்கவில்லை. ஆகஸ்ட் 15ஆம் தேதி ஓவல் மைதானத்தில் அவரில்லாமல் மூன்றாவது டெஸ்ட் தொடங்கிய அன்றே பெர்லினில் இந்தியா ஜெர்மனியை 8–1 என்று வென்று தங்கம் வாங்கியது. கல்கத்தாவில் ஆடியதே கடைசிவரை அவருடைய ஒரே டெஸ்ட்.

இதைச் சொல்கிறவர்கள் ஒரு பெருமூச்சோடு முடிக்கிறார்கள். தப்பான பக்கம் போய்விட்டாராம். இந்தத் 'தப்பு', தேர்ந்தெடுத்த வேளையில் அவருக்குத் தெரிந்திருக்கவே முடியாத ஒன்றிலிருந்து வருகிறது. அறத்தில் அதிர்ஷ்டத்தின் பங்கைப் பற்றி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் எழுப்பிய சங்கடம் இது. குடும்பத்தை விட்டுப் போகிற ஓவியனுக்கு ஏதாவது நியாயம் உண்டென்றால் அது ஓவியம் கைகூடுவதில்தான் இருக்கிறது. கைகூடுமா என்பதோ போகும்போது தெரியாது. ஆனால் கோபாலன் யாரையும் கைவிடவில்லை. நியாயப்படுத்தவேண்டிய குற்றம் ஏதும் அவரிடமில்லை. அவர் பெயரால் நாம் விடும் பெருமூச்சில் இருப்பது கணக்குப்பிள்ளையின் புத்தி: ஒரு பத்தியில் தங்கம், மறு பத்தியில் வெறுங்கை.

தவிர, இந்தக் கற்பனையில் ஒரு சின்ன மோசடி ஒளிந்திருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றதெல்லாம் நின்ற இடத்தில் நிற்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். கோபாலனைப் பெர்லினில் ஏற்றினால் அங்கிருந்த ஒருவரை இறக்க வேண்டும். யாரை என்று பெருமூச்சு விடுகிறவர் கேட்பதில்லை. நம் பரிவைக் காட்டிக்கொள்ள, உண்மையிலேயே வென்ற ஒருவரின் கழுத்திலிருந்து பதக்கத்தைக் கழற்றுகிறோம்.

அதே 1934 ஆட்டத்தில் ஏ. ஜி. ராம்சிங்கும் இருந்தார். 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட். ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. அவருக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பிற்பாடு இந்தியாவுக்கு ஆடினார்கள். விஜயநகரம் மகாராஜகுமாரர் செல்வாக்கால் அணித்தலைவராகப் போன 1936ஆம் வருஷத்தையும் சேர்த்தே இதை யோசிக்க வேண்டும். 'ராம்சிங் ஆடியிருந்தால்' என்ற வாக்கியத்தின் இலக்கணம் வேறு. அங்கே தேர்வு அவருடையதல்ல. அந்த 'இருந்தால்' தேர்ந்தெடுக்கும் அதிகாரம் வைத்திருந்தவர்களை நோக்கிப் பேசுகிறது, பதில் கேட்கிறது. இதற்கு எடை உண்டு.

சட்டத்துக்கும் இந்த எடை தெரியும். தோல் கழிவால் கெட்ட பாலாற்றுப் படுகை பற்றிய வழக்கில், கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நஷ்டஈடு என்பதே நடந்திராத சரித்திரத்தை ரூபாயில் எழுதுவதுதானே. தண்ணீர் கெடாதிருந்தால் இந்த நிலம் என்ன கொடுத்திருக்கும் என்று கேட்காமல் தொகை போட முடியாது.

ஆனால் கேள்வியைத் தொடங்கவே இடமில்லாதவர்கள் இருக்கிறார்கள். இங்கே அணைக்கட்டில் என்னோடு படித்தவன் ஒருவன், பள்ளி மைதானத்தில் பயங்கர வேகமாகப் பந்து போடுவான். எட்டாவதோடு ஆம்பூர்ப் பக்கம் டேனரிக்குப் போனான். பச்சைத்தோலில் உண்ணிக் கடியும் முள் கீறலும் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை. ஐம்பது வயதுக்கு மேல் ஒருநாள், "நீ ஆடியிருந்தா எங்கயோ போயிருப்படா" என்றேன். "எங்க போறது? எட்டு மணி ஷிப்டுக்குத்தான்" என்றான். கசப்பு எதுவும் இல்லை. தகவல் சொல்வதுபோலச் சொன்னான்.

கோபாலனின் கதையில் ஒரு முடிவை மாற்றினால் போதும். ராம்சிங்கின் கதையில் ஒரு குழுவின் மனசை மாற்றினால் போதும். இவனுக்கு இன்னொரு வாழ்க்கை எழுத உட்கார்ந்தால் எதை மாற்றுவது? அப்பாவின் கூலி, வாங்கிய கடன், பிறந்த தெரு, கிணற்றுத் தண்ணீர் என்று மாற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. கடைசியில் மாறுவது அவனல்ல, ஜில்லா. நம் கற்பனை இவ்வளவு தூரம் வர மறுத்து, புகழ்பெற்றவர்களின் தவறிப்போன பதக்கங்களோடு நின்றுவிடுகிறது. சோம்பல் ஒரு காரணமாக இருக்கலாம். பயம் என்றே எனக்குத் தோன்றுகிறது: இவனுடைய நடக்காத ஆட்டத்தை ஒழுங்காக எழுதினால், கடன்பட்டவர்களின் பட்டியலில் நம் பெயரும் வந்துவிடும்.