இடம் தந்தவரின் கடன்

விதை எங்கே விழுந்ததோ அங்கேயே மரம் வாழ்ந்தாக வேண்டும். வெயில் கடுமையானால் அது நிழலுக்கு ஒதுங்க இயலாது. ஊற்று வற்றினால் வேற்றூருக்குக் குடிபெயர இயலாது. ஆயினும் மரம் கதியற்ற உயிர் அன்று. ஈரம் எத்திசையில் உள்ளதோ அத்திசையில் அதன் வேர் பெருகுகிறது; ஒளி எங்கிருந்து வருகிறதோ அங்கே கிளை திரும்புகிறது. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்தது தொல்காப்பியம். அந்த ஓரறிவைத் துணையாகக் கொண்டே மரம் நூறாண்டும் இருநூறாண்டும் வாழ்ந்துவிடுகிறது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அதற்கு இல்லை. கிடைத்த இடத்தில் தன் வழியைத் தேடிக்கொள்ளும் உரிமை உண்டு.

அந்த இரண்டாவது உரிமையையும் மனிதன் தன் கையில் எடுத்துக்கொள்ளும் கலை ஒன்று இருக்கிறது. போன்சாய் என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நடப்பட்டது என்பது பொருள். இதன் மூல வடிவம் சீனத்துக்கு உரியது. கி.பி. 706-ஆம் ஆண்டைச் சேர்ந்த சாங்ஹுவாய் இளவரசரின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடிகள் அமைந்த தட்டை ஏந்தி நிற்கும் பணியாளரைக் காணலாம். அங்கிருந்து ஜப்பான் சென்று நுட்பம் பெற்ற இக்கலை, இன்று நம் நாட்டு வீடுகளின் மொட்டைமாடி வரை வந்துள்ளது. ஆன்மிக நிலையங்களும் இதற்கு இடம் தந்துள்ளன. மைசூரு அவதூத தத்த பீடத்தில் உள்ள கிஷ்கிந்தா மூலிகா போன்சாய் தோட்டம் பலரும் அறிந்ததே.

சித்தூரிலோ திருப்பதியிலோ ஒருவர் தம் மாடியில் ஓர் ஆலங்கன்றைத் தட்டில் நடும்போது, அவரை அறியாமலே ஓர் அறவினா அவர்முன் எழுகிறது. வானளாவ வளரப் பிறந்த ஒன்றை ஒரு முழ உயரத்தில் நிறுத்தி வைப்பது முறையா? அது கலை என்பார் சிலர். கொடுமை என்பார் சிலர். இரு சாராரும் மரத்தின் உயரத்தையே பார்க்கிறார்கள். இடத்தைப் பார்த்தால் வினா தெளிவு பெறும்.

மலை வளர்த்த சிறுமரம்

திருப்பதியிலிருந்து திருமலைக்கு அலிபிரி வழியே நடந்து செல்லும் பாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமும் 3,550 படிகளும் கொண்டது. சேஷாசலத் தொடரின் பாறை இடுக்குகளில் வேரூன்றி நிற்கும் மரங்களை அந்த மலைகளில் காணலாம். ஒரு பிடி மண்ணே கிடைத்த கன்று அதற்கேற்பக் குறுகி நிற்கும். சற்றுத் தள்ளி மண் ஆழமாக உள்ள இடத்தில் அதே இனத்து மரம் ஓங்கி நிற்கும். இங்கே குறுக்கியவர் யாரும் இல்லை. பாறையும் காற்றும் வெயிலும் சேர்ந்து ஓர் அளவை விதித்தன. மரம் அதை ஏற்று, தன் வேரால் இடுக்கின் ஆழத்தை அளந்து, அதற்குள் ஒரு வாழ்வை அமைத்துக்கொண்டது.

இத்தொடரில் வளரும் செம்மரமும் இத்தகைய வாழ்வுக்குப் பழகியது. வறண்ட, கல் நிறைந்த சரிவுகளில் மிக மெதுவாக வளர்கிறது. அதன் வைரம் நீரில் இட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. ஆகவே குறுகிய இடம் என்பதே தீமை என்று கூறிவிட முடியாது. குறுக்கம் இயற்கையிலும் உண்டு. அதனால் உயிரின் மாண்பு குறைவதும் இல்லை.

அப்படியானால் பாறை இடுக்குக்கும் பீங்கான் தட்டுக்கும் என்ன வேறுபாடு? பாறை இடுக்கில் மரம் தேடலாம். தட்டில் தேட முடியாது. மூன்று விரற்கடை ஆழத்துக்கு அப்பால் வேர் செல்லுமிடம் இல்லை. மழை பொய்த்தால் ஆழத்து ஈரம் இல்லை. சித்திரை வெயிலில் மேல்மண் கொதித்தால் கீழே குளிர்ந்த மண் இல்லை. மரம் தனக்காகத் தானே செய்துகொள்ளக்கூடிய அனைத்தும் நின்றுவிடுகிறது. அவற்றையெல்லாம் இனி வேறொருவர் செய்தாக வேண்டும். இடம் தந்தவர் அக்கணமே கடன்பட்டவர் ஆகிறார். போன்சாய் வளர்ப்பின் அறம் முழுதும் இக்கடனில்தான் அடங்கியுள்ளது.

கண்ணுக்கு உகந்த இடமும் உயிருக்கு உகந்த இடமும்

இக்கலையின் விதிகளைக் கூர்ந்து நோக்கினால், முன்னோர் இக்கடனை உணர்ந்திருந்தனர் என்பது புலனாகும். நீள்சதுரத் தட்டில் மரத்தை நட்ட நடுவில் வைப்பதில்லை. ஒரு பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னே வைப்பர். நீண்ட கிளை எப்பக்கம் செல்கிறதோ அப்பக்கத்தில் வெற்றிடம் அதிகம் விடுவர். வட்டத் தட்டிலும் சதுரத் தட்டிலும் மட்டுமே நடுவிடம் பொருந்தும். தூரைச் சுற்றி வேர்கள் பரந்து மண்ணைப் பற்றியிருப்பது எப்பக்கம் நன்கு தெரிகிறதோ அதையே முன்பக்கமாகக் கொள்வர். தட்டின் நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதன் ஆழம் அடிமரத்தின் பருமன் அளவு என்பது பொதுக் கணக்கு.

இவை காண்பவர் கண்ணுக்கான விதிகள். இவற்றோடு நின்றுவிட்டால் மரம் ஓர் அலங்காரப் பொருள் ஆகிவிடும். இவற்றுக்கு அடியில் வேறு சில விதிகள் உள்ளன. அவை எவர் கண்ணுக்கும் தெரியாதவை. வடிகால் துளைகளின் வழியே கம்பியைச் செலுத்தி வேர்க்கட்டைத் தட்டோடு பிணைக்க வேண்டும். இல்லையெனில் காற்றில் மரம் ஆட, புதிதாக விடும் மெல்லிய வேர்கள் அறுபடும். மண் நீரைத் தேக்காமல் வடிக்க வேண்டும். வேரைக் கத்தரித்து மாற்றி நட்டபின் இரண்டு வாரமாவது நிழலில் வைத்துத் தேற்ற வேண்டும். ஆல், அரசு, இச்சி போன்றவற்றை மாற்றி நடுவதற்குக் கோடை தணிந்து மழை தொடங்கும் பருவமே ஏற்றது.

இறுதியாகத் தட்டை எங்கே வைப்பது என்பது. வரவேற்பறை மேசையே அதற்குரிய இடம் எனப் புதிதாக வளர்ப்பவர் எண்ணுவர். விருந்தினர் கண்ணுக்கு அது உகந்த இடம். மரத்துக்கு அது இருட்டறை. ஜப்பானியர் தம் இல்லத்தின் தோக்கோனோமா என்னும் மாடத்தில் மரத்தை வைப்பது சிறப்பான நாள்களில், சிறிது காலத்துக்கு மட்டுமே. பின்பு அது வெளியே ஒளிக்கும் காற்றுக்கும் திரும்பிவிடும். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் திருப்பதியில், காலை வெயில் படும் கீழ்த்திசையும், பிற்பகலில் நிழல்வலையின் காப்பும் மரத்துக்கு வேண்டும். மேற்குச் சுவரின் அனலில் ஆழமற்ற தட்டின் மண் சுட்டுவிடும், வேர் வெந்துவிடும். வெறுந்தளத்தில் வைக்காமல், அடியில் காற்றோடும்படி மேடைமீது வைப்பது நலம். ஒளி எல்லாப் பக்கமும் சேர, அவ்வப்போது தட்டைக் கால்வட்டம் திருப்ப வேண்டும். கோடையில் நாளுக்கு இருமுறை நீர் வேண்டும்.

ஆக, ஒரே மரத்துக்கு இருவகை இடம் உண்டு: காண்பவருக்கு மகிழ்ச்சி தரும் இடம், மரத்துக்கு வாழ்வு தரும் இடம். இரண்டும் ஒன்றாக அமைந்தால் நல்லது. அமையாதபோது எதை விட்டுக்கொடுக்கிறார் என்பதில்தான் ஒருவருடைய அன்பின் தரம் தெரியும். பாரி வள்ளல் படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரை நிறுத்திச் சென்றான். அத்தேர் தனக்கு எங்கே வேண்டும் என்று அவன் எண்ணவில்லை. முல்லைக்கு எங்கே வேண்டும் என்று எண்ணினான். இடம் தருதல் என்னும் அறத்துக்குத் தமிழகம் கண்ட தலைசிறந்த சான்று அது.

எடுத்துவருவதன் எல்லை

திருமலையை வைணவ மரபு புஷ்ப மண்டபம் என்று போற்றும். அம்மலையில் பூக்கும் பூ அனைத்தும் திருவேங்கடமுடையானுக்கே உரியது என்பதால், அங்கே யாரும் பூச்சூடிக்கொள்வதில்லை. இராமானுஜரின் விருப்பத்தை ஏற்று அனந்தாழ்வான் அங்கே குடியேறி நந்தவனம் அமைத்த வரலாற்றை அடியார்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். வாழ்நாளெல்லாம் செடிகளுக்கு இடம் தேர்ந்து நட்டு நீர் ஊற்றிய அப்பெரியவர், அவற்றில் ஒரு மலரையும் தமக்கென்று எண்ணியதில்லை. உடைமை என்னும் எண்ணம் நீங்கிய பராமரிப்பு எத்தகையது என்பதை இவ்வழக்கம் உணர்த்துகிறது.

போன்சாய் வளர்ப்போருக்கு இதில் நேரடியான பாடம் ஒன்று உண்டு. மலையில் தானாகவே குறுகி முதிர்ந்த மரத்தைத் தோண்டி எடுத்துத் தட்டில் அமைப்பது இக்கலையின் பழைய முறைகளுள் ஒன்று. ஜப்பானியர் அதனை யமதோரி என்பர். நூறாண்டு முதுமையை ஒரே நாளில் வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் சேஷாசலம் எத்தகைய மலை? 1989-இல் இதன் ஒரு பகுதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா ஆயிற்று. 2010-இல் இத்தொடர் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பனையை ஒத்த தோற்றமுடைய சைகஸ் பெட்டோமி என்னும் தொன்மையான செடி, உலகில் திருப்பதி, கடப்பைப் பகுதி மலைகளில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. அருகிவரும் உயிரினங்களின் வணிகம் குறித்த பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதற்பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. செம்மரம் 1995 முதல் இரண்டாம் பட்டியலில் உள்ளது. இத்தகைய மலையிலிருந்து ஒரு மரத்தைப் பெயர்ப்பவர், தன் இடத்தைத் தானே கண்டுகொண்ட ஓர் உயிரின் நிறைவைக் குலைக்கிறார். இது சட்டக் குற்றம்; அதற்கு முன்பே அறப்பிழை. விதையிலிருந்தோ, பதியனிலிருந்தோ, கட்டடச் சுவரில் முளைத்து எப்படியும் பிடுங்கி எறியப்படவிருக்கும் அரசங்கன்றிலிருந்தோ தொடங்குபவர்க்கு இப்பழி இல்லை.

அடக்கம் யாருடையது?

போன்சாயைப் புலனடக்கத்துக்கு உவமையாகக் கூறுவதுண்டு. ஆசையாகிய கிளையைக் கவாத்து செய்தால் வாழ்வு அழகுறும் என்பர். உவமை இனியது, ஆனால் ஒரு பெரிய வேறுபாட்டை அது மறைத்துவிடுகிறது. சாதகன் தன்னைத் தானே அடக்குகிறான். மரம் பிறரால் அடக்கப்படுகிறது. தன்மேல் தானே விதித்துக்கொள்ளும் எல்லை தவம். பிறர்மேல் விதிக்கும் எல்லையைத் தவம் என்று அழைக்க இயலாது. மூடப்பிடிவாதத்தால் தன்னை வருத்தியோ பிறரை அழிக்க எண்ணியோ செய்யும் தவத்தைத் தாமசம் என்று கீதையின் 17-ஆம் அத்தியாயம் விலக்குகிறது. ஆகவே பிறருக்கு எல்லை வகுப்பவர், அந்த எல்லையினால் அவர் இழப்பதைத் தாமே ஈடுசெய்யக் கடமைப்பட்டவர்.

இது மரத்தோடு முடிவதன்று. குழந்தை எந்தப் பள்ளியில், எந்த விடுதியில் வளர வேண்டும் என்பதைப் பெற்றோர் தேர்கின்றனர். முதிய தாய் எந்த மகன் வீட்டில், எந்த அறையில் இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தேர்கின்றனர். தேர்வு தவறாக இல்லாமல் இருக்கலாம். பல வேளைகளில் தவிர்க்கவும் இயலாது. ஆனால் இடம் ஒதுக்கியதோடு கடமை முடிந்தது என்று எண்ணுமிடத்தில்தான் தட்டின் மண் காயத் தொடங்குகிறது. வைத்த இடத்தில் ஒளி வருகிறதா என்று நாள்தோறும் சென்று பார்ப்பவரே இடம் தந்தவர். மற்றவர் ஒதுக்கி வைத்தவர்.

ஹிரோஷிமாவின் யமாகி குடும்பம் இக்கடனைத் தலைமுறை தலைமுறையாகச் செலுத்தியது. 1625 முதல் தட்டில் வளர்க்கப்பட்டுவரும் வெண்பைன் மரம் ஒன்று அவர்களிடம் இருந்தது. 1945 ஆகஸ்டு 6 அன்று அணுகுண்டு வெடித்த இடத்துக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் அவர்களுடைய பண்ணை இருந்தது. வீட்டின் கண்ணாடிகள் நொறுங்கின. மதில் ஒன்றின் மறைவில் வைக்கப்பட்டிருந்ததால் அம்மரம் பிழைத்தது. 1976-இல் அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டு நிறைவுக்காக ஜப்பான் அளித்த 53 போன்சாய் மரங்களுள் ஒன்றாக, மசாரு யமாகி அதனை வாஷிங்டன் தேசிய மரப்பூங்காவுக்கு வழங்கினார். எங்கிருந்து எதைத் தப்பி வந்தது என்பது அங்கே அறியப்படவில்லை. 2001-இல் அவருடைய பேரர்கள் மரத்தைக் காண வந்தபோதே அவ்வரலாறு தெரியவந்தது. மனிதன் தேர்ந்து வைத்த இடமே அம்மரத்தைக் காத்தது. அதைக் காத்தவர், குண்டு வீசிய நாட்டார் கையிலேயே பகையின்றி அதை ஒப்படைத்தார். நானூறு ஆண்டுகளாக ஒருநாளும் யாரோ ஒருவர் நீர் ஊற்றத் தவறவில்லை என்பதே அது உயிரோடிருப்பதன் பொருள்.

சித்தூருக்கு வடமேற்கே, கதிரிக்கு அருகில் திம்மம்மா மர்ரிமானு என்னும் ஆலமரம் ஏறக்குறைய ஐந்து ஏக்கர் பரந்து நிற்கிறது. 1989-இல் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. தட்டில் உள்ள ஆலும் அதே இனத்தது. தட்டு ஆலின் உடலைச் சுருக்கியதேயன்றி இயல்பை மாற்றவில்லை. அதன் கிளையொன்றை வெட்டி நிலத்தில் நட்டால் முழு ஆலாக எழும். சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தம் மகனிடம் ஆலம்பழத்தைப் பிளக்கச் சொல்லி, கண்ணுக்குப் புலனாகாத அந்த நுண்பொருளையே சுட்டினார். தட்டின்முன் நிற்பவர் அந்தப் பெருமையை மறவாதிருந்தால், சிறியது என்று அதை எளிமையாக நடத்தமாட்டார்.

எனவே ஒரு மரத்தைத் தட்டில் நட விரும்புபவர், தட்டின் வடிவத்தைத் தேர்வதற்கு முன் ஒரு வினாவை எழுப்பிக்கொள்வது நன்று: வைகாசி வெயிலில், வீட்டார் அனைவரும் வெளியூர் சென்றிருக்கும் நாளில், இதற்கு யார் நீர் ஊற்றுவார்? விடை உறுதியாக இருந்தால் நடலாம். இல்லையெனில் அக்கன்றை ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் நட்டுவிடுவதே முறை. அங்கே அது தன் நீரைத் தானே தேடிக்கொள்ளும்.